தைலக் கொப்பரை வளையத்துக்கு எஸ்.எஸ். ஓவர்லே: கை வெல்டிங்கிலேயே செய்வது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் யூக்கலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொப்பரைகளில், மூடி உட்காரும் எம்.எஸ். (சாதா இரும்பு) வளையம்தான் முதலில் கெடும். ஆவி குளிர்ந்து வடியும் தண்ணீரில் இலையின் அமிலமும் இருக்கும். வளையம் குழி விழுந்து ஆவி கசியும், தைலத்திலும் துரு நிறம் ஏறும். அந்த முகத்தில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடால், அதாவது வெல்டிங் குச்சியால், இரண்டு லேயர் ஓட்டிவிட்டால் (இதுதான் ஓவர்லே) வளையத்தை மாற்ற வேண்டியதில்லை.

வளையம் 12 மி.மீ. கனமாவது இருக்கட்டும். கொப்பரையின் மெல்லிய தகட்டில் முயலாதீர்கள், கோணிவிடும். அழுத்தத்தில் ஓடும் பாய்லர் என்றால் கையே வைக்காதீர்கள், அதற்குத் தனிச் சட்டமும் சான்று பெற்ற வெல்டரும் உண்டு.

முதலில் தைல ஆவி மிச்சமில்லாமல் கொப்பரையைக் கழுவித் திறந்து காயவிடுங்கள், இல்லையென்றால் தீப்பிடிக்கும். அப்புறம் குழிக்குள் கறுப்பு நிற்காத அளவுக்கு கிரைண்ட் செய்யுங்கள்.

முதல் லேயருக்கு 309எல் என்ற ரக எஸ்.எஸ். ராடுதான். ராடு உருகும்போது அடியில் உள்ள இரும்பும் உருகிக் கலக்கும். கை வெல்டிங்கில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சாதாரணமாகப் போகும். 309எல்-இல் குரோமியம் சுமார் 23%, நிக்கல் 13%. முப்பது சதவீத இரும்பு கலந்தாலும் 16-ம் 9-ம் நிற்கும். 308எல் ரகத்தை ஓட்டினால் 20-ம் 10-ம் என்பது 14-க்கும் 7-க்கும் இறங்கி, பீடு (ராடு உருகிப் படியும் வரி) கடினமாகி விரிசல் விடும்.

அந்தக் கலப்பைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. 2.5 மி.மீ. ராடு, டிசி கரண்ட், ராடு பாசிட்டிவில், 65–75 ஆம்பியர், ஆர்க் குட்டையாக. (பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினைவிட சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினே இதற்கு நல்லது.) இரண்டாவது பீடிலிருந்து ராடு நுனி வெறும் இரும்பைப் பார்க்கக்கூடாது. முந்தைய பீடின் ஓரத்தில் நுனியை வைத்து, அதில் பாதியை மூடிக்கொண்டே போங்கள். அப்போது உருகுவதில் பெரும்பங்கு எஸ்.எஸ்.ஸாகவே இருக்கும். நுனி இரும்புப் பக்கம் சாய்ந்தால் பீடு பார்க்க அழகாகத்தான் இருக்கும், சில மாதத்தில் அந்தக் கோட்டிலேயே துரு எட்டிப்பார்க்கும்.

எஸ்.எஸ். இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும். அதனால் கார் சக்கரத்து நட்டு முடுக்குவதுபோல எதிரெதிர்ப் பக்கமாகச் சிறு துண்டுகளாக ஓட்டுங்கள். 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிய பிறகே அடுத்த பீடு. பீடின் மேல் ஓடாகப் படியும் ஸ்லாக்கைத் தட்டி எஸ்.எஸ். பிரஷ்ஷால் தேயுங்கள், இரும்பில் ஓடிய பிரஷ், வீல் எதுவும் இங்கே வரக்கூடாது.

இரண்டாவது லேயருக்கு 316எல். அதிலுள்ள 2–3% மாலிப்டினம் குழி அரிப்பைத் தாங்கும். கிரைண்டரில் மட்டமாக்கிய பிறகும் 3 மி.மீ.யாவது நிற்க வேண்டும்.

மஞ்சு இறங்கும் மாதங்களில் பிரித்த பாக்கெட் ஈரம் குடித்துவிடும், பீடில் ஊசித்துளை விழும். கம்பெனி சொல்லும் சூட்டில் ராடை உலர்த்துங்கள். குளிருக்காகக் கதவைச் சாத்தாதீர்கள், குரோமியப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

பிற்சேர்க்கை: கொடைக்கானல் வாசகர் ஒருவர், இரும்பு மேலே வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டிருந்தார். போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தம் போதும். கால் லிட்டர் தண்ணீரில் 4 கிராம் கரைத்து, 1 மில்லி கந்தக அமிலம் விட்டு, சுத்தமான முகத்தில் ஆறு நிமிடம் ஈரமாக வைத்திருங்கள். செம்பு நிறம் படிந்த இடத்தில் இரும்பு இருக்கிறது. அதை மட்டும் தோண்டி மறுபடி ஓட்டுங்கள். சோதித்த பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள்.