கொழும்பில் கன்றுகள் தாகத்தால் சாவது குறைவு

அப்பா யாழ்ப்பாணத்தில் பங்குனி வெயிலில் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு முறை தவறினாலும் கன்று தலை சாய்த்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் கொழும்பு வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் தோட்டம் தொடங்கினேன். காலையும் மாலையும் தவறாமல் ஊற்றினேன். முதல் வருடம் வைத்த பன்னிரண்டு கன்றில் மூன்றுதான் தப்பின. பதினேழு வருடம் ஓடிவிட்டது. புதிதாகத் தோட்டம் செய்கிறவர்களிடம் இன்றும் நான் அதிகம் காணும் தவறு, இப்படி அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட அதில் பாதி; அதிலும் பெரும்பகுதி வருடக் கடைசியில் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே ஏப்ரல், மேயிலும் மழை, ஒக்டோபர், நவம்பரிலும் மழை. மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, அழுகத் தொடங்கும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது, கன்று வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வேரை அழுக வைக்கும், டெங்கு நுளம்பும் அதில்தான் முட்டையிடும். நம் தோட்டத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

அடுத்தது மண். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய செம்மண்ணை அப்படியே சாடியில் நிரப்புவார்கள். நாலு மழையில் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்தால் தண்ணீர் வடியும். தும்புத்தூளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிட்டுப் பாவியுங்கள். இந்தப் பக்கத்து மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை கொண்டது, புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பது நல்லது.

தக்காளி ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் இரவுச் சூடு 24 பாகையைத் தாண்டினால் பூ காயாகாமல் உதிரும், கொழும்பில் அப்படியான இரவுகள்தான் அதிகம். வெயில் குறைவு, பசளை போதாது என்று காரணம் தேடி யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் பெருக்கும். முதல் இரண்டு வருடம் பயற்றங்காய், வெண்டி, பசளி, கங்குன், பொன்னாங்காணி என்று இந்த ஊர் தாங்கும் பயிர்களை வையுங்கள்.

தக்காளியோ கத்தரியோ இலை மஞ்சளாகாமல், பச்சையாகவே ஒரே நாளில் தொங்கிவிட்டதா? அடித்தண்டைக் குறுக்காக வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். முதன்முதலாக அந்த நூலைக் கண்ட அன்று மனம் உடைந்துபோனேன். மருந்து இல்லை. கன்றை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், கூட்டெருக் குவியலில் வேண்டாம். கிருமி மண்ணிலேயே தங்கும். அந்த மண்ணில் திரும்பவும் தக்காளி, கத்தரி, மிளகாய் வைப்பதுதான் பெரிய தவறு. பயற்றையோ கீரையோ வையுங்கள்.

2022இல் மரக்கறி விலை ஏறியபோது வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தது. அப்போது ஒரேயடியாக முப்பது, நாற்பது பை வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். பார்க்க நேரமில்லாமல் பூச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து பை போதும். தினமும் காலையில் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க முடிகிற அளவுதான் தோட்டம். வெள்ளை ஈ அங்கேதான் இருக்கும்.

அப்புறம், நல்ல காயையெல்லாம் கறிக்குப் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சூம்பலை விதைக்கு விடுவதும் தவறு. மாற்றிச் செய்யுங்கள். நீளமான முதல் பயற்றங்காய் இரண்டில் நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். கொடியிலேயே காயட்டும், மழை வந்தால் பறித்து வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். உலர்ந்த விதையைச் சாம்பலோடு போத்தலில் போட்டு மூடுங்கள். கலப்பின விதைப் பைக்கற்றில் வந்த கன்று என்றால் மட்டும் விதை எடுக்க வேண்டாம், தாயைப் போல வராது.