படபடப்புக்கு மக்னீசியம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வயதானவர் ‘நெஞ்சு படபடக்குது’ என்றதும் ஹட்டன் டவுனுக்குப் போய் மக்னீசியம் குளிசை வாங்கிவிடாதீர்கள். முதலில் நாடி. பெருவிரல் பக்கமாக மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு தப்புவது பிடிபடாது. ஒழுங்கில்லாமல் ஓடினால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், குளிசை அதற்கு மாற்றல்ல.

கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். ஃபுரோசமைட் (சிறுநீர் போக்கும் குளிசை), நெடுநாள் ஒமெப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) இரண்டுமே மக்னீசியத்தைக் குறைக்கும். கூடவே பொட்டாசியமும் இறங்கினால், டிகொக்சின் (இதய மருந்து) குடிப்பவர் பாடு ஆபத்து. இரத்தத்தில் குறைவு தெரிந்தால் குளிசைக்கு அர்த்தமுண்டு. கிரியேட்டினினையும் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) கட்டாயம் பாருங்கள்: சிறுநீரகம் பழுதானால் மக்னீசியம் தேங்கி, துடிப்பையே மந்தமாக்கிவிடும்.

லேபிளில் ‘மக்னீசியம் ஒக்சைட் 400 மி.கி.’ என்றிருந்தால் உள்ளே மக்னீசியம் சுமார் 240 மி.கி.தான். வைத்தியர் சொல்லாமல் குளிசையாக இந்த உள் மக்னீசியம் நாளுக்கு 350 மி.கி. தாண்ட வேண்டாம். ஒக்சைட் வயிற்றைக் கலக்கும். சிட்ரேட் நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு கொடுங்கள். தைரொக்சினுக்கும் (தைரொய்ட் குளிசை) இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது; டிவிஷன், லய இலக்கம், வண்டி ஏறக்கூடிய பாதை மூன்றையும் சொல்லுங்கள்.