நெருக்கடி காலத்தில் ஒழுங்கைக்கு ஒரு பொது அடுப்பு

நாட்டு நிலைமை மனதைப் போட்டு அழுத்தும் நாட்களில், முதலில் பக்கத்து வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்காரர் அப்படித்தான் தாக்குப்பிடித்தோம். மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனது. அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்றவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

தொடர்மாடிக்குள் விறகு எரிக்க முடியாது. அதனால் முற்றம் உள்ள ஒரு வீட்டைத் தேடுங்கள். வீட்டுக்காரரிடம் நேரே போய்க் கேளுங்கள், யாரிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். மூன்று கல், ஒரு பெரிய பானை, கொஞ்சம் விறகு. சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல் போதும். அரிசி விலை ஏறினால் மரவள்ளிக்கிழங்கு அவியுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: யாரையும் வாங்குபவராக மட்டும் வைக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் தனியாக இருந்த ஓர் ஐயாவுக்குக் கொண்டுவர ஒன்றும் இல்லை, சாப்பிட வரவும் கூச்சம். தேங்காய் திருவ ஆள் வேண்டும் என்று கூப்பிட்டோம். அப்புறம் எங்களுக்கு முன்னமே திருவலையோடு வந்து உட்கார்ந்திருப்பார். ஓட்டோ ஓட்டும் தம்பி பெற்றோல் வரிசையில் நின்றபோது, அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது ஒரு சிங்கள அக்கா. அதுவும் பங்குதான். ஒரு கொப்பியில் இன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவையுங்கள், விலை போடாமல். சாப்பிடும் நேரம் அதைச் சத்தமாக வாசியுங்கள். பொதுவாக ‘எல்லாருக்கும் நன்றி’ என்றால் அது ஒருவரையும் போய்ச் சேராது. ‘மழையில் விறகு நனையாமல் கொண்டுவந்தீர்களே, அக்கா’ என்று சொல்லிப் பாருங்கள், அந்த முகம் மலரும்.

அரசியல் கதை வரத்தான் செய்யும். 2019இல் கோட்டாபய ராஜபக்சவின் ஆட்சிக்கு வாக்களித்தவர்களும் அதே பானையில்தான் சாப்பிட்டார்கள். அவர்களை மன்னிப்புக் கேட்கவைக்க அடுப்படியைப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் உங்கள் வலியையும் மறைக்காதீர்கள். 2022 மே 18 அன்று, அந்த ஆட்சியைப் பதவி விலகச் சொல்லி மக்கள் கூடியிருந்த காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய தமிழர்கள் குடித்து உயிர் தாங்கிய கஞ்சியின் நினைவு அது. சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். 2009இல் இறந்தவர்களுக்காகக் கொழும்பின் நடுவில் பகிரங்கமாக அழ முடியும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. அதனால் நீதி கேட்பதை நான் விடவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு நன்றி சொல்லவும் தயங்கவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம், என்னால் முடிகிறது.

நிலைமை கொஞ்சம் சீரானதும் ஆட்கள் குறைவார்கள். எங்களுக்கும் கேஸ் மெல்ல மெல்ல வரத் தொடங்கியதும் அடுப்படி வெறிச்சோடியது. அப்போது தினமும் சமைப்பதை நிறுத்தி, மாதம் ஒருமுறை என்று வையுங்கள். பௌர்ணமி நாளான போயா தினம் வசதி, எல்லாருக்கும் விடுமுறை. அன்றைக்கு மரக்கறிச் சமையலாக இருக்கட்டும், அப்போது யாரும் தட்டைத் தள்ளிவைக்க வேண்டி வராது. பானையை யார் வீட்டில் வைப்பது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.