தாடையற்ற மீனை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடலடிப் பாறை என்றால் கிராப்டோலைட், கோனோடான்ட் என்று, அழிந்துபோன கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் வயது சொல்ல நிறைய இருக்கும். பழைய ஆற்று மணற்கல்லில் அதெல்லாம் கிடைக்காது. சைலூரியன் என்ற புவிக்காலம் முடிந்து அடுத்ததான டெவோனியன் தொடங்கும் காலத்து ஆற்றுப் படிவுகளில் கைகொடுப்பவை பெரும்பாலும் தாடையற்ற மீன்களும் செடிகளின் வித்துத்துகள்களும்தான். அதனாலேயே ஒரு செதில் கிடைத்ததும் ஆசையில் அவசரப்பட்டு வயதை எழுதிவிடுகிறோம்.

ஒற்றைச் செதிலை நம்புவதுதான் முதல் தவறு, அதிகம் பேர் செய்வதும் அதுதான். தெலோடான்ட் என்ற தாடையற்ற மீனுக்குள் எலும்புக்கூடு கிடையாது, செத்ததும் தோல் அழுகி, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செதில்கள் ஆயிரக்கணக்கில் சிதறிப்போகும். தலைச் செதில் பொத்தான் மாதிரி உருண்டையாக இருக்கும், உடல் செதில் நீண்டு பின்பக்கம் கூராக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இரண்டுங்கெட்டானாகச் சில. இவற்றைத் தனித்தனி இனங்கள் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் லெஸ்மஹேகோவிலும் எஸ்தோனியாவின் சாரெமா தீவிலும் முழு மீன்கள் கிடைத்தபோதுதான் ஒரே தோலில் எத்தனை வடிவம் இருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எனவே கிடைத்த மொத்தத் தொகுப்பையும் பாருங்கள், முடிந்தால் ஒன்றிரண்டை மெல்லியதாக வெட்டி உள்ளே கூழ்க்குழி (பல்லில் இருப்பது போன்ற உட்குழிவு) எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேல்தோற்றம் ஏமாற்றும் அளவுக்கு உள்ளமைப்பு ஏமாற்றாது.

செதிலை வெளியே எடுக்கச் சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதென்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடாதீர்கள், பாறையோடு செதிலும் கரைந்துவிடும். நீர்த்த அசிட்டிக் அமிலம், கூடவே பொறுமை, அவ்வளவுதான். அப்புறம் சல்லடை. போன பாறை மாதிரியின் செதில் கண்ணியில் சிக்கிக்கொண்டிருந்து இந்த மாதிரியில் விழுந்தால், மேல் அடுக்கின் மீன் கீழ் அடுக்கில் நீந்தத் தொடங்கிவிடும்.

எலும்புப் படுகைகளைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். நீரோட்டம் மண்ணை அரித்துக் கொண்டுபோய்க் கனமான துண்டுகளை மட்டும் குவித்த இடங்கள் அவை, அடியிலிருந்த பழைய அடுக்கின் செதில்களும் அதில் கலந்திருக்கலாம். கூர்மை மழுங்காத செதிலும் கூழாங்கல் போல் தேய்ந்த செதிலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் சந்தேகப்படுங்கள். அடுக்கின் வயதுக்கு வரம்பு வைப்பது அதிலுள்ள மிக இளைய இனம்தான், மிகப் பழையது அல்ல.

சரி, இனம் உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வயது எல்லா ஊருக்கும் செல்லுமா? டுரினியா பேஜி என்ற தெலோடான்ட் இருந்தால் கீழ் டெவோனியன், அதாவது டெவோனியனின் தொடக்கப் பகுதி, என்று பிரிட்டனில் சொல்லலாம். அதையே நீட்டி, தெலோடான்ட் எங்கே கண்டாலும் சைலூரியன் அல்லது கீழ் டெவோனியன் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் மேல் டெவோனியன் (அதன் கடைசிப் பகுதி) பாறையிலும் தெலோடான்ட் செதில் கிடைத்திருக்கிறது, அங்கே அவை வெகு காலம் தாக்குப்பிடித்தன. கேலியாஸ்பிட்கள் என்ற தாடையற்ற மீன்களோ சீனாவையும் வட வியட்நாமையும் விட்டு வெளியே வரவே இல்லை. அவற்றை வைத்து ஐரோப்பிய அடுக்கோடு நேரடியாகப் பொருத்த முடியாது, நடுவில் வித்துத்துகளோ கடல் உயிரியோ பாலம் போட வேண்டும். ஓர் அடுக்கில் ஒரு மீன் இல்லை என்பதற்கும் இதே எச்சரிக்கை: அந்தக் காலமே இல்லை என்று ஆகாது, அந்தத் தண்ணீர் அதற்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது சைலூரியனுக்கும் டெவோனியனுக்கும் நடுவிலான எல்லைக்கோடு எங்கே இருந்தது என்று முதலில் பாருங்கள். பிரிட்டனில் வெகு காலம் லட்லோ எலும்புப் படுகையைத்தான் டெவோனியனின் அடி என்றார்கள். 1972இல் செக் நாட்டின் க்ளோங்க் பாறைமுகத்தில், ஒரு கிராப்டோலைட்டை வைத்து, எல்லை முடிவானது. அந்தக் கணக்கில் லட்லோ படுகை சைலூரியனுக்குள் போய்விட்டது. பெயர்களும் இப்படித்தான் காலை வாரும். ஓர் அடுக்குக்கு, அதில் கிடைத்த மீனை வைத்து, 'சாமோஸ்டியஸ் சுண்ணாம்புக்கல்' என்று பெயர் வைத்தார்கள், பிறகு பார்த்தால் அந்த மீன் சாமோஸ்டியஸே இல்லை, வேறொரு தாடையற்ற மீன். பெயர் மட்டும் நெடுநாள் ஒட்டிக்கொண்டது.

கடைசியாக ஒன்று, செதில் ஆண்டுக்கணக்கு சொல்லாது. எது முன்னால், எது பின்னால் என்றுதான் சொல்லும். 41.9 கோடி ஆண்டு போன்ற எண் வேண்டுமென்றால் எரிமலைச் சாம்பல் அடுக்கில் உள்ள சிர்க்கான் என்ற கனிமத்தைத் தேடிப் போக வேண்டும்.