கிரியாட்டினின் 'நார்மல்' என்று நம்பி ஏமாறும் இடங்கள்

சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்பதையெல்லாம் செவிலியரே பார்த்துவிடுவார். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதில், ஐசியூவுக்குப் புதிதாக வரும் மருத்துவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். கிரியாட்டினின் என்பது தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று பொருள்.

ஏற்றிய திரவத்தை மறந்து கிரியாட்டினினைப் படிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சலூட்டும் தவறு இது. செப்சிஸோடு (உறுப்புகளைப் பாதிக்கும் கடும் தொற்று நிலை) வந்த 60 கிலோ நோயாளி என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கையில் கிரியாட்டினின் 1.0 மி.கி./டெ.லி., 48 மணி நேரம் கழித்து 1.2. கேடிஐஜிஓ (சர்வதேச சிறுநீரக வழிகாட்டி அமைப்பு) வரையறைப்படி பாதிப்பு என்று சொல்ல 0.3 ஏற வேண்டும், ஏறியது 0.2 தான். "கிட்னி ஓகே" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறது.

இன்டேக்-அவுட்புட் சார்ட்டை யாரும் புரட்டுவதில்லை. அந்த இரண்டு நாளில் உடம்பில் தங்கியது 7.2 லிட்டர். கிரியாட்டினின் உடல்நீர் முழுவதிலும் பரவும் பொருள். நீர் கூடினால் நீர்த்துப்போகும். உடல்நீர் தோராயமாக எடையில் 60 சதவீதம், அதாவது 36 லிட்டர். தங்கிய திரவத்தை அதால் வகுத்து, 1 கூட்டி, அளந்த மதிப்போடு பெருக்குங்கள்: 1.2 × 1.2 = 1.44. ஏற்றம் 0.44. பாதிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

இதுவும் குறைமதிப்பாக இருக்கலாம். செப்சிஸில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைகிறது. நாள்பட நாள்படத் தசையும் கரைகிறது. திருத்திய எண் அதிகாரபூர்வ வரையறையில் இல்லை, சந்தேகப்படத்தான் அது. ஆனால் அந்தச் சந்தேகம் வராத இரண்டு நாளும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டிபயாடிக்கான அமினோகிளைகோசைடு முழு டோஸில் ஓடும். திரவமும் நிற்காது, சிரை அழுத்தம் ஏறி, சிறுநீரகம் இன்னும் திணறும்.

சிறுநீரை 24 மணி நேர மொத்தமாகப் பார்ப்பது

மொத்தம் 900 மி.லி. என்றால் நிம்மதியாகத் தெரியும். கடைசி 6 மணி நேரத்தில் வந்தது 150 என்றால்? கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. வீதம் அந்த 60 கிலோ நோயாளிக்கு 180 வந்திருக்க வேண்டும். வகுப்பதற்கு வீங்கிய எடை வேண்டாம், சேர்க்கை எடை போதும்.

சேர்க்கை மதிப்பையே அடிப்படையாகக் கொள்வது

நோயாளி வரும்போதே கிரியாட்டினின் ஏறியிருக்கலாம். கடந்த ஓராண்டின் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஜிஎஃப்ஆர் சூத்திரம்

சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைக் கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சூத்திரம் இது. கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள்.

மென்பொருள் எச்சரிக்கையை அப்படியே நம்புவது

2019-ல் கூகுளின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட கணிப்பு மென்பொருள், சிறுநீரகப் பாதிப்பை 48 மணி நேரம் வரை முன்கூட்டிக் கணித்தது உண்மைதான். ஒரு சரியான எச்சரிக்கைக்கு இரண்டு பொய் எச்சரிக்கையும் கூடவே வந்தன. பயிற்றுவித்தது அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் தரவில்; அதில் பெண்கள் சுமார் 6 சதவீதம்தான். உங்கள் படுக்கையில் இருப்பவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரா என்று முதலில் பாருங்கள்.

ஃப்யூரோசெமைடு சோதனையை வறண்ட நோயாளிக்குச் செய்வது

சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃப்யூரோசெமைடைக் கொடுத்து எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று பார்ப்பது இது. மூன்று நிலைகளில் முதல் அல்லது இரண்டாம் நிலைப் பாதிப்பு மோசமாகுமா என்று அறிய நல்ல சோதனை. ஆனால் திரவக் குறைவைச் சரிசெய்த பிறகே. கிலோவுக்கு 1 மி.கி., கடந்த 7 நாளில் இந்த மருந்து போயிருந்தால் 1.5. இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 200 மி.லி.க்குக் கீழே வந்தால் மூன்றாம் நிலைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். நீரை இறக்குவது நோக்கமில்லை என்றால், வெளியேறிய அளவைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.