நாயின் காலை எடுத்தபிறகு புற்றுநோய் என்று தெரிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய்க்குச் சங்கு என்று பெயர். அப்பா வழியில் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்த குடும்பம். குட்டியும் பால்வெள்ளை. வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை. "சங்குன்னு பேரு வச்சா ஒருநாள் சங்குதாம்ப்பா ஊதும்" என்று பக்கத்து வீட்டு மாமா அப்போதே கேலி செய்வார்.

ஏழு வயதில் முன்னங்கால் லேசாக நொண்டத் தொடங்கியது. ராமநாதபுரம் கடலோரத்து உச்சிப்புளிப் பக்கம் முள் குத்தி நொண்டாத நாய் ஏது? சுளுக்காக இருக்கும் என்று எண்ணெய் தடவினோம். இரண்டு மாதம் கழித்து, இரண்டடி உயரத் திண்ணையிலிருந்து குதித்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறிந்துவிட்டது. அந்த உயரத்திலிருந்து குதித்து ஒரு வேட்டை நாயின் கால் முறியுமா என்று அன்று யோசிக்கத் தோன்றவில்லை. இந்த முறிவு சேராது என்று காலை எடுத்தார்கள். எடுத்த காலைக் கொடுங்கள், கொண்டுபோய்ப் புதைத்துவிடுகிறோம் என்று நான் கேட்டேன். டாக்டர் கொடுக்கவில்லை, எலும்பைப் பரிசோதனைக்கு அனுப்பினார். இது வெட்டிச் செலவு என்று வீட்டில் முணுமுணுத்தோம்.

பதினைந்து நாள் கழித்து வந்த தாளில் ஆஸ்டியோசார்கோமா என்று இருந்தது. எலும்புப் புற்றுநோய்.

ஆகவே முதல் தவறு, எடுத்த எலும்பைப் பரிசோதிக்காமல் விடுவது. பெரிய நாய், நடுவயது தாண்டியது, காரணம் புரியாத நொண்டல், முழங்கைக்குத் தள்ளியோ பின்னங்கால் முட்டிக்குப் பக்கத்திலோ வீக்கம், சின்ன அடியில் முறிவு. இதில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கண்டிப்பாக அனுப்பச் சொல்லுங்கள். எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தபிறகுதான் மெலிதாகச் சீவ முடியும். அதனால் முடிவு வரச் சற்று நாளாகும். தாமதம் என்று பதற வேண்டாம்.

கால் போனதோடு நோயும் போயிற்று என்று நினைப்பது

தாள் வந்த அன்று எனக்கு ஒருவகையில் நிம்மதிதான். கட்டி இருந்த காலே இல்லை, அப்புறம் என்ன என்று நினைத்தேன். நினைப்பு தப்பு. இந்த நோய் எலும்பில் கண்ணுக்குத் தெரியும் முன்பே ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கு விதை தூவிவிடும். பத்தில் ஒன்பது நாய்களுக்கு, கண்டுபிடிக்கும் நேரத்திலேயே பரவியிருக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் எக்ஸ்ரேயில் தெரிவது பத்தில் ஒன்றுக்குத்தான். அவ்வளவு பொடிக் கட்டியை எக்ஸ்ரே காட்டாது. "நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமா இருக்கு" என்று சொன்னால், இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மட்டும் அர்த்தம். எடுக்கும்போது வலது, இடது, மல்லாந்து என மூன்று கோணமும் கேளுங்கள். ஒரே படத்தில் ஒளிந்துகொள்ளும் கட்டி உண்டு.

காலை எடுத்தது வீணா என்றால், இல்லை. எடுத்தது வலிக்காக. எலும்புப் புற்றின் வலி எந்த மாத்திரைக்கும் முழுசாக அடங்காது. காலோடு அந்த வலி போய்விட்டது.

இதன் மறுபக்கத் தவறு, இன்னும் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும் என்ற கணக்கைக் கேட்டதும் கையை விரித்துவிடுவது. காலை மட்டும் எடுத்தால் நான்கைந்து மாதம், கீமோவும் (புற்றுநோய்க்கு ஏற்றும் ஊசி மருந்து) சேர்ந்தால் பத்து முதல் பன்னிரண்டு மாதம் என்பார்கள். அது நாள் குறித்துக் கொடுப்பதல்ல. பாதி நாய்கள் அதற்கு முன் போகும், பாதி அதைத் தாண்டி இருக்கும், அவ்வளவுதான். கீமோ எடுத்தவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இரண்டு வருடத்தைத் தொடும். நான் அந்த எண்ணைக் கேட்ட அன்றே மனசுக்குள் நாயைப் புதைத்துவிட்டேன். அது வாசலில் மூன்று காலில் நின்று காக்கையைக் குரைத்து விரட்டிக்கொண்டிருந்தது.

"மிச்சக் காலை ஏன் விடவில்லை?"

எங்கள் அப்பத்தாவிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி இது. பாதிக் கால் இருந்தால் கட்டைக்கால் மாட்டலாமே என்று. முன்னங்காலைப் பொதுவாகத் தோள்பட்டை எலும்போடும், பின்னங்காலை இடுப்பை ஒட்டியும் எடுத்துவிடுவார்கள். பாதி விட்டால் நாய் அதை ஊன்றப் பார்த்து ஊன்றப் பார்த்து, தரையில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மிச்சம் வையுங்கள் என்று டாக்டரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

தையல் ஆற 10 முதல் 14 நாள். இங்கே பெரிய எதிரி மணலும் ஈயும். நாய் குழி பறித்துப் படுக்கும், தையலுக்குள் மணல் போகும், ஈ முட்டை வைத்தால் இரண்டே நாளில் புழு. கடல் தண்ணீரில் கழுவினால் ஆறும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல் எதுவும் தையல் மேல் வேண்டாம். அப்பாவின் பழைய கை பனியனை மாட்டி, வயிற்றுப் பக்கம் முடிச்சுப் போட்டோம். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைவிட சங்கு அதைத்தான் பொறுத்துக்கொண்டது.

வீட்டு மாத்திரை டப்பா

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். முட்டிவலிக்கு அப்பா போடும் டைக்ளோஃபினாக், காய்ச்சலுக்கு வைத்திருக்கும் ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாராசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கிற மருந்தல்ல. நாய்க்கென்று மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்றவை இருக்கின்றன. எடைக்கு ஏற்ற அளவில், சாப்பாட்டுக்குப் பிறகு.

இன்னொரு ஆபத்து, இரண்டு இடத்தில் வைத்தியம் பார்ப்பது. அறுவை செய்த இடத்தில் மெலாக்சிகாம் தந்திருப்பார்கள். நாய் சோர்ந்திருக்கிறதே என்று பக்கத்தில் ஒருவரிடம் கொண்டுபோனால் அவர் டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார். இவ்வகை வலிமாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே ஓட வேண்டும். எல்லாச் சீட்டையும் ஒரே உறையில் போட்டு எங்கே போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

நான் செய்த தவறு வேறு. நாய் கத்தவில்லை, ஆகவே வலி இல்லை என்று பத்தே நாளில் மாத்திரையை நிறுத்தினேன். ஒரு ராத்திரி தூக்கத்திலிருந்து வீலென்று எழுந்து, கால் இல்லாத தோளைத் திரும்பித் திரும்பிக் கடிக்கப் பார்த்தது. இல்லாத கால் வலிக்கும். மனிதருக்கு உள்ளது போலவே நாய்க்கும் உண்டு என்கிறார்கள். கபாபென்டின் என்ற மருந்து சேர்த்தபின் அடங்கியது. நாய் வலியைக் கத்திச் சொல்லாது. ராத்திரி இடம் மாற்றி மாற்றிப் படுப்பது, குளிர்ந்த நேரத்திலும் இளைப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, சோற்றுச் சட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வது இவைதான் அடையாளம்.

நாலு ஊசியில் சரியான நாய்

"எங்க தெரு நாய்க்கும் புத்துநோய்தான். வாரம் ஒரு ஊசி, நாலு ஊசியில சரியாப்போச்சு." இதை மண்டபத்தில் ஒருவர், தங்கச்சிமடத்தில் ஒருவர், பேருந்தில் ஒருவர் என மூன்று பேர் சொன்னார்கள். பொய்யில்லை. அது தெரு நாய்களுக்குப் பிறப்புறுப்பில் வருகிற, இணைசேரும்போது தொற்றுகிற கட்டி. வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும். எலும்புப் புற்று அந்த ஊசிக்குக் கரையாது. புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயரல்ல.

அந்த வின்கிரிஸ்டின் எடுக்கப்படுவது நம் மணலில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து. இது ஊரில் பலருக்குத் தெரியும். அதனாலேயே ஆபத்து. அப்பத்தா ஒருநாள் அந்த இலையைப் பறித்து அம்மியில் வைத்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தச் செடி நஞ்சு. அதிலிருந்து மருந்தைப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில், ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றுகிறார்கள். அரைத்துக் கொடுத்தால் வாந்தி, பேதி, அதற்கு மேலும் ஆகும்.

எலும்புப் புற்றுக்கு வழக்கமாகத் தருவது கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று, நான்கு முதல் ஆறு தடவை. திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போன் செய்து, இந்த மருந்து ஏற்றுவார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மாட்டாஸ்பத்திரியில் எழுதித் தரும் கடிதமும், அந்தப் பரிசோதனைத் தாளும், எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். போகும் முன் உண்ணிக் காய்ச்சல் உண்டா என்று ரத்தம் பார்த்துவிடுங்கள். நம் பக்க நாய்களுக்கு உண்ணி சாதாரணம். அந்தக் காய்ச்சலில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறையும். ஏற்கெனவே தட்டணு குறைந்த நாய்க்குக் கீமோ ஏற்ற முடியாது, போன வண்டியில் திரும்ப வேண்டியதுதான்.

கீமோ என்றதும் மொட்டைத் தலையும் ஓயாத வாந்தியும் நினைவுக்கு வந்து மறுத்துவிடுகிறவர்கள் உண்டு. நாய்க்கு மருந்தளவு குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு முடியும் கொட்டாது. ஓரிரு நாள் சோர்வு, அவ்வளவே. ஆனால் ஊசி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறையும். அப்போது காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. கரையில் வலை உதறும்போது வீசுகிற பச்சை மீனும் அந்த நாட்களில் வேண்டாம். வேகவைத்தே கொடுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மூத்திரத்திலும் மலத்திலும் மருந்து இருக்கும். கையுறை போட்டு அள்ளுங்கள், பிள்ளைகள் விளையாடும் மணலில் போக விடாதீர்கள். கர்ப்பிணிகள் கிட்டவே போக வேண்டாம்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் கீமோ இல்லாமல், வலியை மட்டும் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான். அதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டியதில்லை.

மிச்சம் மூன்று கால்

நாயின் எடையில் அறுபது விழுக்காடு முன்னங்கால்களில் நிற்கிறது. ஒரு முன்னங்கால் போனால் மற்றதுதான் அத்தனையையும் சுமக்கும். பாவம் என்று சோறும் ஈரலுமாகப் போட்டுக் கொழுக்க வைப்பது அந்த ஒற்றைக் காலுக்குச் செய்கிற கொடுமை. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்ட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் போட்டுப் போட்டு இரண்டே மாதத்தில் மூன்று கிலோ ஏற்றிவிட்டோம். கருவாடும் நிறுத்த வேண்டியதாயிற்று, உப்பு.

ஒருநாள் காலையில் சங்கு எழுந்திருக்கவே இல்லை. நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் டார்ச்சை எடுத்து மிச்ச முன்னங்காலை விரித்துப் பார்த்தேன். நடு மெத்தைக்கும் பக்கத்து விரலுக்கும் இடையில், ரோமத்துக்குள், கறுப்பாக ஒரு புள்ளி. சீமைக்கருவேல முள், அரை விரல் நீளம், நுனி ஒடிந்து உள்ளே. நாலு கால் நாய் நொண்டிக்கொண்டே பிழைத்துக்கொள்ளும். இதற்கு அந்த ஒரு முள்ளே எழ முடியாமல் செய்யப் போதும். அன்றிலிருந்து ராத்திரிதோறும் மூன்று பாதத்தையும் தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

டைல்ஸ் தரையில் சணல் சாக்கு விரியுங்கள். பழைய மீன்வலையை விரிக்காதீர்கள், நகம் மாட்டும். படி ஏறும்போது நெஞ்சுக்கடியில் கைலியை மடித்துக் கொடுத்துத் தாங்குங்கள். நடை காலை ஏழுக்குள், தண்ணீர் ஓரத்து ஈர மணலில். உலர்ந்த மணலில் ஒற்றைக் கால் புதையும், மதியம் சுடும். தையல் நன்றாக ஆறியபின் நீந்த விடலாம், அதுவும் பெண்கடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம், இடுப்பளவில், நீங்களும் கூட இறங்கி.

காலையே பார்த்துக்கொண்டிருப்பது

எல்லோருடைய கண்ணும் இல்லாத கால் மேல். நோய் பரவுவது நுரையீரலுக்கு, ஆகவே கவனிக்க வேண்டியது மூச்சு. நாய் ஆழ்ந்து தூங்கும்போது அரை நிமிடம் விலா ஏறி இறங்குவதை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். வெயிலில் இளைக்கும்போது எண்ணுவது கணக்கில்லை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தோம்: 18, 20, 18, 19. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சு எக்ஸ்ரே. ஒன்பதாம் மாதம் 26, 31, 36 என்று ஏறியது.

வலியில்லாமல் உயிரை முடிக்கும் கடைசி ஊசியைப் பற்றி அந்தக் கடைசி இரவில்தான் பேசுவது இன்னொரு தவறு. இரவு பதினொரு மணிக்கு நாய் மூச்சுக்குத் திணறும்போது நாற்பது கிலோமீட்டர் தள்ளி யாரைத் தேடுவது? மூச்சு ஏறத் தொடங்கியதுமே நாங்கள் டாக்டரிடம் கேட்டுவைத்தோம்: வீட்டுக்கு வருவாரா, எந்த நேரத்தில் கூப்பிடலாம். எது நடந்தால் கூப்பிடுவது என்பதையும் வீட்டில் பேசி முடித்தோம். கோழிக்குழம்புச் சோற்றைத் தொடவில்லை என்றால், காக்கையைப் பார்த்தும் தலை தூக்கவில்லை என்றால். அப்பத்தா முதலில் ஒப்பவில்லை. அப்புறம் ஒரு விடியற்காலையில் அவரே என்னை எழுப்பி, "போன் போடுப்பா" என்றார்.

குழி தோண்டியது பக்கத்து வீட்டு மாமா. மணலில் மூன்றடி போதாது, இடுப்புக்கு மேல் ஆழம் வேண்டும். அடியில் தண்ணீர் ஊறுகிற இடமாக இருந்தால் மேட்டுப் பக்கம் பாருங்கள். மேலே இரண்டு பனங்கட்டையைக் குறுக்கே போட்டு மூடினோம். அந்த ஊசி மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், தெரு நாய்கள் தோண்டித் தின்றால் அவையும் சாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.