மீள வைக்காமல் சீட்டெடுக்கும்போது நிகழ்தகவு காணும் முறை

கட்டிலிருந்து எடுத்த சீட்டைத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுக்கும்போது கட்டில் ஒரு சீட்டுக் குறைகிறது. எடுத்தது எந்தச் சீட்டு என்பதைப் பொறுத்து, எஞ்சியிருப்பவற்றில் நமக்கு வேண்டியவை எத்தனை என்பதும் மாறுகிறது. இந்த இரண்டையும் பின்னத்தின் கீழும் மேலும் தவறாமல் எழுதினால் கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் இதை மரவரிப்படம் (ஒவ்வொரு வாய்ப்பையும் ஒரு கிளையாகக் காட்டும் படம்) வரைந்து பழகுகிறார்கள். சிவராத்திரி இரவில் கண்விழிப்பதற்காக வீட்டுப் பெரியவர்கள் 304 என்னும் சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தால், பின்னம் எழுதாமலே அவர்கள் மனதிற்குள் போடுவதும் இதே கணக்குத்தான். ஆகவே வழமையான 52 சீட்டுக் கட்டில் தொடங்கி 304 கட்டுக்குப் போவோம்.

நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுக்கும்போது இரண்டுமே ஆஸ் ஆக இருப்பதற்கான நிகழ்தகவைப் பார்ப்போம். முதற் சீட்டு ஆஸ் ஆவதற்கு 4/52. அது ஆஸ் ஆகவே வந்துவிட்டது என்று கொண்டால், எஞ்சிய 51 சீட்டுகளில் 3 ஆஸ்களே உள்ளன; எனவே இரண்டாவதற்கு 3/51. இவற்றைப் பெருக்கிச் சுருக்கினால் 1/221 கிடைக்கும். முதற் சீட்டைத் திரும்ப வைத்திருந்தால் விடை 1/169 ஆக இருந்திருக்கும். பகுதியை 51 ஆக்கிவிட்டுத் தொகுதியை 4 ஆகவே விட்டுவிடுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

சரியாக ஓர் ஆஸ் மட்டும் வரவேண்டும் என்றால் மரவரிப்படத்தில் இரண்டு கிளைகளைக் கூட்ட வேண்டும். முதலில் ஆஸ், பிறகு வேறு சீட்டு என்றால் 4/52 × 48/51. முதலில் வேறு சீட்டு, பிறகு ஆஸ் என்றால் 48/52 × 4/51. இரண்டும் சமமாகவே வரும், கூட்டினால் 32/221. ஆஸ் ஒன்றுமே வராத கிளை 188/221. இந்த மூன்று விடைகளின் தொகுதிகளையும் கூட்டிப் பாருங்கள்: 1 + 32 + 188 = 221. கூட்டுத்தொகை 1 ஆக வராவிட்டால் ஏதோ ஒரு கிளை விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஒரு நிமிடம்கூட எடுக்காத இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் விடைத்தாளைக் கையளிப்பது வீண் துணிச்சல்.

இனிப் பலரையும் குழப்பும் ஓரிடம். முதற் சீட்டை எவரும் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டால், இரண்டாவது சீட்டு ஆஸ் ஆவதற்கான நிகழ்தகவு என்ன? சீட்டு ஒன்று குறைந்திருப்பதால் விடையும் மாறியிருக்கும் என்றே தோன்றும். ஆனால் இரண்டாவதில் ஆஸ் வரும் இரு கிளைகளையும் கூட்டினால் (12 + 192)/2652, அதாவது 1/13. முதற் சீட்டுக்கு இருந்த அதே மதிப்பு. சீட்டு கட்டைவிட்டு வெளியேறுவதால் மட்டும் நிகழ்தகவு மாறுவதில்லை. அது எதுவென்று நமக்குத் தெரிந்தால்தான் மாறுகிறது. கணக்கைத் தொடங்குமுன் “நான் பார்த்தவை எவை?” என்று கேட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

நால்வர் ஆடும் 304 ஆட்டத்தில் இரண்டு முதல் ஆறு வரையான சீட்டுகள் நீக்கப்பட்டு 32 சீட்டுகள் எஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒரு சாதிக்கு (ஒரே சின்னமுள்ள சீட்டுகளுக்கு) 76 புள்ளிகள். நான்கு சாதிக்கும் சேர்த்தால் 304. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகள் பகிரப்படும். அந்த நான்கைப் பார்த்தே கேள்வி கேட்க (இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூற) வேண்டும். அந்த நான்கில் ஒரு ஜாக்காவது இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஜாக்குகள் என்று தனித்தனியாகக் கணக்கிடுவது வீண் வேலை. ஜாக் ஒன்றுமே வராததைக் கண்டு 1 இலிருந்து கழிப்பதே சுருக்கமான வழி. 28/32 × 27/31 × 26/30 × 25/29 ஏறத்தாழ 0.569, ஆகவே வேண்டிய விடை 0.431. உயர்தர மாணவர்கள் இதையே சேர்மானங்களை (சீட்டுகளைத் தெரிந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை) கொண்டு 20475/35960 என்று எழுதிப் பின் 1 இலிருந்து கழிப்பார்கள்.

எட்டுச் சீட்டுகளும் வந்தபின் கணக்கு இன்னும் சுவையானது. உங்கள் கையில் இஸ்கோப்பன் (ஸ்பேட்) ஆஸும் பத்தும் இருக்கின்றன. இஸ்கோப்பன் ஜாக்கும் ஒன்பதும் இல்லை என்று கொள்வோம். நீங்கள் பார்க்காத சீட்டுகள் 24. அவற்றில் 8 உங்கள் கூட்டாளியிடம் உள்ளன. ஜாக் அவரிடம் இருப்பதற்கு 8/24, அதாவது மூன்றில் ஒன்று. ஜாக்கும் ஒன்பதும் இரண்டுமே அவரிடம் இருப்பதற்கு, மூன்றில் ஒன்றை இருமுறை பெருக்கி 1/9 என்று சொல்லிவிடக் கூடாது. ஜாக் அவருடைய ஓர் இடத்தைப் பிடித்துவிட்டதால் ஒன்பதுக்கு எஞ்சுவது 23 இடங்களில் 7 மட்டுமே. 8/24 × 7/23 = 7/69, ஏறத்தாழ 0.10. இரண்டில் ஒன்றாவது அவரிடம் இருப்பதற்கு 1 − (16/24 × 15/23) = 13/23. பாதிக்கு மேல் என்பதால் துணிந்து கேட்கலாம் என்பது என் கருத்து. ஆயினும் கூட்டாளி ஏற்கெனவே கேள்வி கேட்டோ விட்டோ இருந்தால், அதுவும் அவருடைய கையைப் பற்றிய ஒரு தகவல் என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தா.

பகிரும்போது எதிராளி ஒருவரின் சீட்டு தற்செயலாகத் திரும்பி, அது இஸ்கோப்பன் ஜாக் அல்ல என்று தெரிந்துவிட்டால், பார்க்காத சீட்டுகள் 23 ஆகின்றன. மறுபடி பகிராமல் ஆட்டத்தைத் தொடர்ந்தால், ஜாக் கூட்டாளியிடம் இருப்பதற்கு 8/23, மற்ற எதிராளியிடம் இருப்பதற்கும் 8/23, சீட்டுத் திரும்பியவரிடம் இருப்பதற்கு 7/23. ஆட்டம் தொடங்கிய பின் ஒருவர் தாமாகவே இறக்கும் சீட்டுக்கு இதே முறையைக் கையாளக் கூடாது. அவர் அதைத் தெரிந்தெடுத்தே இறக்குகிறார்.